ஹெட்டில் அரை நூல் எடுக்கலாமா? சேம்பர் கொள்ளளவும் கம்ப்ரஷன் ரேஷியோவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடியில் லேத்து வைத்திருக்கிறேன். ஹெட் ஃபேசிங் (எஞ்சின் தலைமூடியின் முகத்தைச் சீவிச் சமமாக்குவது), போரிங், வால்வு சீட் வேலை. காசிமேட்டு லாஞ்ச் எஞ்சினும் வரும், காலேஜ் பசங்க பைக்கும் வரும். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் போனில் கேட்கிறார்கள். மெஷின் ஓடும் சத்தத்தில் நான் சொல்வது பாதி அவர்கள் காதில் விழுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்வியை எழுதி, பதிலை நிதானமாகக் கீழே போட்டிருக்கிறேன்.

ண்ணா, கம்ப்ரஷன் ரேஷியோன்னா என்ன, ஒரு வரியில சொல்லுங்க.

பிஸ்டன் அடிமட்டத்தில் இருக்கும்போது அதன் தலைக்கு மேலே உள்ள மொத்த இடத்தை, உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது. 100 சி.சி. காற்று 10 சி.சி. இடத்துக்குள் அடைபட்டால் 10.

அப்போ ஹெட் சேம்பரை அளந்தா போதும்ல?

போதாது. பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். உச்சியில் மிஞ்சும் இடம் என்பது ஹெட்டில் உள்ள குழி மட்டும் அல்ல. ஹெட்டுக்கும் பேரலுக்கும் (பிஸ்டன் ஓடும் உருளை) நடுவில் நசுங்கிய பேக்கிங்கின் கனம் ஒரு வட்டு அளவு இடம் தருகிறது. பிஸ்டன் பேரலின் மேல் முகம் வரை வராமல் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டால் அங்கே இன்னொரு வட்டு. பிஸ்டன் தலையில் வால்வுக்காக வெட்டிய பள்ளங்கள் உண்டு. மேல் ரிங்குக்கு மேலே பிஸ்டனைச் சுற்றி உள்ள மெல்லிய சந்தின் இடத்தையும் சேர்க்க வேண்டும். பிஸ்டன் தலை மேடாக இருந்தால் அந்த மேட்டின் கொள்ளளவைக் கழிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊரில் அதிகம் ஓடும் 100 சி.சி. வகை: போர் (உருளையின் உள்விட்டம்) 50 மி.மீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 49.5 மி.மீ. சென்டிமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். 0.7854 (π/4) × 5 × 5 × 4.95 = 97.2 சி.சி. பிஸ்டன் துடைத்துவிட்டு வரும் அளவு இது.

இனி உச்சியில் மிஞ்சுவது. ஹெட் குழியில் 10.4 சி.சி. என்று வைப்போம். பேக்கிங் ஓட்டை 51 மி.மீ, நசுங்கிய கனம் 0.5 மி.மீ, அதில் 1.0 சி.சி. பிஸ்டன் 0.6 மி.மீ கீழே நிற்கிறது, அதில் 1.2. வால்வு பள்ளம் 0.8. ரிங்குக்கு மேலே உள்ள சந்து 0.1. மொத்தம் 13.5 சி.சி.

97.2-ஐ 13.5-ஆல் வகுத்தால் 7.2. மொத்த இடத்தில் மிஞ்சும் இடமும் சேர்த்தி என்பதால், அதோடு 1 கூட்டினால் 8.2. ஹெட் குழியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் 10.3 என்று வந்திருக்கும். "என் வண்டி ஏற்கெனவே பத்துக்கு மேல ண்ணா" என்று ஒரு தம்பி என்னிடம் சண்டைக்கு வந்தது இப்படி ஒரு கணக்கை நம்பித்தான்.

அந்த 8.2-ஐ 9 ஆக்கணும்னா எவ்ளோ சீவணும்?

கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். 9-இல் 1 கழித்தால் 8. 97.2-ஐ 8-ஆல் வகுத்தால் 12.15 சி.சி. இப்போது 13.5 இருக்கிறது. 1.35 சி.சி. குறைய வேண்டும்.

இதை எங்கே குறைப்பது என்பதுதான் கைத்திறன். பிஸ்டன் 0.6 கீழே நிற்கிறது, பேக்கிங் 0.5. ஆக, ஹெட்டின் தட்டையான ஓரத்துக்கும் பிஸ்டனுக்கும் 1.1 மி.மீ இடைவெளி. இது கொஞ்சம் அதிகம். கலவை அந்த ஓரத்தில் சோம்பேறியாகக் கிடக்கும். பேரலின் மேல் முகத்தில் 0.3 எடுத்தால் இடைவெளி 0.8-க்கு வரும். பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்துக் கலவையை நடுவில் ப்ளக் பக்கம் பீச்சித் தள்ளும். எரிவதும் சீராகும். அந்த வெட்டில் 0.59 சி.சி. குறைந்துவிட்டது. மீதி 0.76-ஐ ஹெட்டில் எடுக்கலாம்.

கவனம்: ஹெட் குழியின் வாய் எப்போதும் போர் அளவுக்கு இருப்பதில்லை. இந்த ஹெட்டில் வாய் 46 மி.மீ என்றால் 1 மி.மீ சீவினால் 1.66 சி.சி.தான் குறையும். போர் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் 1.96 என்று வரும், அது தப்பு. 0.76-ஐ 1.66-ஆல் வகுத்தால் 0.46 மி.மீ.

லேத்துக்காரர் "அரை நூல் எடுத்துடறேன், சூப்பரா இழுக்கும்"ங்கிறார். எடுத்துக்கலாமா?

ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அரை நூல் 1.59 மி.மீ. மேலே சொன்ன எஞ்சினில் அதை ஹெட்டில் எடுத்தால் 2.6 சி.சி. போய்விடும். ரேஷியோ 8.2-லிருந்து கிட்டத்தட்ட 10-க்குத் தாவும். அது தாங்குமா என்பது அப்புறம். முதலில் வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று பார்க்க வேண்டும்.

நூல் கணக்கு கிரில் கேட்டுக்கும் மர வேலைக்கும் சரி. ஹெட் வேலையில் மைக்ரோமீட்டரைத்தான் நம்ப வேண்டும். என் தொழில்காரர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நானும் பத்து வருஷம் நூல் கணக்கில்தான் வெட்டினேன்.

வால்வு இடிக்குமான்னு எப்படி பாக்கறது?

பிள்ளைகள் விளையாடும் களிமண் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். அதைத் தட்டையாக்கி பிஸ்டன் பள்ளத்தில் ஒட்டி, மேலே துளி எண்ணெய் தடவுங்கள். நிஜமாகவே போடப்போகும் பேக்கிங்கோடு ஹெட்டை மாட்டி, டைமிங் செயினையும் போட்டு, கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். கழற்றிக் களிமண்ணை பிளேடால் வெட்டி, மெல்லிய இடத்தின் கனத்தைப் பாருங்கள். இன்டேக் பக்கம் 1.5, எக்ஸாஸ்ட் பக்கம் 2 மி.மீ இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஓரத்து இடைவெளிக்குக் களிமண் வேண்டாம். சால்டர் கம்பியைப் பிஸ்டன் முள்ளின் (கனெக்டிங் ராடு மாட்டும் பின்) இரு பக்கமும் கிரீஸால் ஒட்டிச் சுற்றினால் நசுங்கிய கனமே இடைவெளி.

மேலே கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) உள்ள எஞ்சினில் இன்னொரு விஷயம் உண்டு. ஹெட்டோ பேரலோ தாழ்ந்தால் கேம் ஸ்ப்ராக்கெட்டும் கிராங்கை நோக்கித் தாழும். இழுக்கும் பக்கத்துச் செயின் தேவைக்கு மேல் நீளமாகி, மிச்சம் டென்ஷனர் பக்கம் போய்விடும். கேம் கொஞ்சம் பின்தங்கும். 6.35 மி.மீ பிட்ச் செயின், 28 பல் ஸ்ப்ராக்கெட் என்றால் மேலே நாம் பேரலில் 0.3, ஹெட்டில் 0.46 என எடுத்த 0.76 மி.மீ-க்குக் கிராங்கில் சுமார் 3 டிகிரி. தெரு வண்டிக்கு அது பெரிய விஷயமில்லை. 1.5 மி.மீ எடுத்தவருக்கு 6 டிகிரி. கீழ் இழுவை மந்தமாகிவிட்டது என்று புலம்பிக்கொண்டு வருவார்.

சேம்பரை வீட்டுலயே அளக்க முடியுமா?

முடியும். பியூரெட் ஒன்று வேண்டும். பாரிமுனைப் பக்கம் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். 50 மில்லி, 0.1 கோடு போட்டது. கால் அங்குல கனத்தில் அக்ரிலிக் தகடு, ஹெட் வாயை மூடும் அளவுக்கு. அதன் ஓரமாக 5 மி.மீ ஓட்டை.

ஹெட்டில் வால்வுகளை ஸ்ப்ரிங்கோடு மாட்டுங்கள். வழக்கமாகப் போடும் ப்ளக்கையே போட்டு முறுக்குங்கள். வேறு ப்ளக்கின் மூக்கு நீளம் மாறினால் அளவும் மாறும். வாய் ஓரத்தில் கிரீஸ் மெல்லிசாகத் தடவித் தகட்டை அமுக்குங்கள். கிரீஸ் உள்ளே பிதுங்கினால் துடைத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். ஓட்டை இருக்கும் பக்கம் சற்று உயரமாக ஹெட்டைச் சாய்த்து வையுங்கள், காற்று வெளியேற வேண்டும். மண்ணெண்ணெயில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் நாலு சொட்டு விட்டால் நிறம் தெரியும். தண்ணீர் வேண்டாம், அது குமிழைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பியூரெட்டின் பூஜ்யத்திலிருந்து மெல்லத் திறந்து, தகட்டின் அடிப்பக்கத்தைத் திரவம் முழுதாகத் தொட்டதும் நிறுத்துங்கள். கண்ணை நேராக வைத்து வளைவின் அடியைப் படியுங்கள். மூன்று தடவை. மூன்றும் 0.1-க்குள் ஒத்துப்போக வேண்டும்.

இன்டேக், எக்ஸாஸ்ட் ஓட்டைகளுக்குள் கட்டாயம் எட்டிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் வால்வு கசிகிறது. கொருக்குப்பேட்டைத் தம்பி ஒருவரின் ஹெட்டை அளந்தபோது நான் அதைப் பார்க்கவில்லை. பியூரெட் 11.0 காட்டியது. எக்ஸாஸ்ட் வால்வு வழியாக 0.6 சி.சி. மண்ணெண்ணெய் சத்தமில்லாமல் இறங்கியிருந்தது. நிஜ அளவு 10.4. இல்லாத அந்த 0.6-க்கும் சேர்த்துச் சீவிவிட்டேன். 9.5 என்று நான் எழுதிக் கொடுத்தது உண்மையில் 10. பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் ரெண்டு பேர் உட்கார்ந்து மூன்றாவது கியரில் ஏறும்போது, தகர டப்பாவில் சில்லறை குலுக்கின மாதிரி சத்தம் வருகிறது என்று மறுநாளே வந்து நின்றார். இதைத்தான் தட்டல் என்கிறோம்: சூட்டிலும் அழுத்தத்திலும் கலவை தானாகவே வெடிப்பது. 0.3 மி.மீ செப்புத் தகட்டில் பேக்கிங் வெட்டி, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கி, கூடுதலாக மாட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து வால்வு லேப்பிங் (வால்வைச் சீட்டோடு அரைத்துப் பொருத்துவது) முடியாமல் பியூரெட்டைத் தொடுவதில்லை.

பியூரெட் இல்ல. ஊசி போடற சிரிஞ்ச் போதுமா?

எஞ்சினைப் பொறுத்தது. மேலே சொன்ன 100 சி.சி. வண்டியில் அரை சி.சி. தவறினால் ரேஷியோ மூன்றில் ஒரு பங்கு புள்ளி மாறும். புல்லட் 350-இல் அதே அரை சி.சி. 0.05 மாற்றும், அவ்வளவுதான். சின்ன எஞ்சினுக்குத்தான் நுணுக்கம் அதிகம் தேவை. பலரும் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

கம்பெனி புக்ல ரேஷியோ போட்டிருக்கே, அதை வெச்சே கணக்கு பண்ணலாமே?

அது வரைபடத்தில் உள்ள எண். கையில் இருப்பது இருபது வருஷ வண்டி. ஒருமுறை ஃபேசிங் ஆகியிருக்கலாம், வேறு கனத்தில் பேக்கிங் விழுந்திருக்கலாம், வால்வு சீட் தேய்ந்து வால்வு உள்ளே போயிருக்கலாம். அளந்து பாருங்கள்.

ஏத்தினா எவ்ளோ பவர் கூடும்? ஃப்ரெண்ட் 20 பர்சென்ட்டுங்கிறான்.

நண்பருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். பாடப்புத்தகத்தில் பெட்ரோல் எஞ்சினுக்குப் போடும் ஓட்டோ (Otto) சுழற்சிக் கணக்கில் 8-க்கு 56.5 சதவீதத் திறன், 9-க்கு 58.5, 10-க்கு 60.2. நிஜ எஞ்சின் இதைவிட ரொம்பக் கீழே நிற்கும் என்றாலும் ஏறும் விகிதம் ஏறத்தாழ இப்படித்தான். ஒரு புள்ளிக்கு மூன்று சதவீதம். மேலே போகப் போக லாபம் குறையும், ஆபத்து கூடும். தெருவில் நீங்கள் உணர்வது பவரைவிட, கீழ் வேகத்தில் வரும் துடிப்பைத்தான்.

நம்ம பெட்ரோலுக்கு எவ்ளோ வரைக்கும் போகலாம்?

பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபோது சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தது 91 ஆக்டேன் (தட்டலைத் தாங்கும் அளவு), பிரீமியத்துக்கு 95 என்று வைத்தார்கள். காற்றால் குளிரும், கார்புரேட்டர் வைத்த, இரண்டு வால்வு எஞ்சினுக்கு 91-இல் 9 முதல் 9.5 வரை என் எல்லை. புது வண்டிகளில் 12-ஐத் தாண்டியும் வருகிறதே என்பீர்கள். அவற்றில் தண்ணீர்க் குளிர்ச்சி, நான்கு வால்வு, நடு ப்ளக், வெப்பத்தைப் பார்த்து இக்னிஷனைத் திருத்தும் கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கின்றன. உங்கள் வண்டியில் இருப்பது வெப்பத்தைப் பார்க்காமல் பொறி விடும் ஒரு சி.டி.ஐ. டப்பா.

இடத்தையும் பாருங்கள். மே மாதம், எண்ணூர் நெடுஞ்சாலை, முன்னால் கன்டெய்னர் லாரி வரிசை, இரண்டாவது கியரில் ஊர்கிறீர்கள். காற்று ஓடாமல் எஞ்சின் கொதிக்கிறது. உள்ளே போகும் காற்றும் சூடு. இரவு பதினொரு மணிக்கு ஓட்டிப் பார்த்து "தட்டவே இல்ல ண்ணா" என்றால் அது சோதனை ஆகாது.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் தட்டலை அதிகமாக்காது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், ஆவியாகும்போது குளிரவும் வைக்கும். ஆனால் அதற்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு, எத்தனாலுக்கு 9. பழைய கார்புரேட்டரில் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) அப்படியே இருந்தால் கலவை இளைத்து, ஹெட் சூடேறும். ரேஷியோ ஏற்றிய வண்டியில் முதலில் ப்ளக் நிறத்தைப் பாருங்கள்.

கம்ப்ரஷன் கேஜ் வெச்சு பார்த்தேன், 150 பி.எஸ்.ஐ. காட்டுது. அப்போ ரேஷியோ பத்தா?

இல்லை. வளிமண்டல அழுத்தம் 14.7 என்பதால் பத்து மடங்கு 147 என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அழுத்தும்போது காற்று சூடாகி அழுத்தம் கூடுதலாக ஏறும். இன்டேக் வால்வு பிஸ்டன் மேலே கிளம்பிய பிறகுதான் மூடும் என்பதால் கொஞ்சம் குறையும். கிக்கர் வேகம், திராட்டில் திறப்பு, ரிங்கு எல்லாம் சேரும். சில வண்டிகளில் கிக் லேசாக இருப்பதற்காக கேமிலேயே அழுத்தம் விடும் ஏற்பாடு வேறு உண்டு. கேஜ் ரிங்கும் வால்வும் நலமா என்று சொல்லும். ரேஷியோவைச் சொல்லாது.

ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டா ரேஷியோ மாறுமா?

கொஞ்சம் ஏறும். 50-லிருந்து 51 மி.மீ போனால் 97.2 என்பது 101.1 ஆகும், மிஞ்சும் இடம் 12.15-ஆகவே இருந்தால் 9.0 என்பது 9.3. ஆனால் வெளிச்சந்தைப் பிஸ்டனில் முள்ளிலிருந்து தலை வரை உள்ள உயரம் ஒரிஜினலோடு ஒத்துப்போகும் என்று நம்பாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். பேக்கிங் ஓட்டை புது போரைவிடப் பெரிதா என்றும் பாருங்கள். சிறிதானால் அதன் உதடு உள்ளே நீட்டிக்கொண்டு, சிவக்கக் காய்ந்து, தானே தீ வைக்கும்.

எதுவுமே பண்ணல, பழைய வண்டி திடீர்னு தட்டுது.

ஹெட்டைக் கழற்றுங்கள். கரி படிந்திருக்கும். கரியும் இடத்தை அடைக்கும், சூட்டையும் பிடித்து வைக்கும். சுரண்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள், சீவுகிற பேச்சே வேண்டாம்.

அப்பாவோட பழைய இரும்பு புல்லட்டுக்கு ஏத்தித் தருவீங்களா?

திருவொற்றியூர்க்காரர்கள் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். அவர்கள் ஊரில் பிறந்த வண்டி ஆயிற்றே. 1955-இல் மெட்ராஸில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட் 350-க்குப் போர் 70, ஸ்ட்ரோக் 90, மொத்தம் 346 சி.சி. இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மட்டமான பெட்ரோலை மனதில் வைத்து வரைந்த எஞ்சின், அதனால் ரேஷியோ குறைவு. அந்த நிதானமான துடிப்பு ஒரு பகுதி அதனால் வருவதுதான்.

7-லிருந்து 8-க்குப் போக 57.7 சி.சி. இடத்தை 49.5 ஆக்க வேண்டும். எட்டு சி.சி.க்கு மேல். போர் அளவில் கணக்குப் பார்த்தாலே 2 மி.மீ தாண்டுகிறது. ஹெட்டைச் சீவி இதை அடைய நினைக்காதீர்கள். மேடு வைத்த பிஸ்டன்தான் வழி. ஹெட் அலுமினியம் என்றாலும் இரும்புப் பேரல் சூட்டைச் சீக்கிரம் விடாது. கிக்கர் திருப்பி அடித்தால் கணுக்காலுக்கு நான் பொறுப்பில்லை. டீகம்ப்ரஷர் (அழுத்தத்தை வெளியே விடும்) லீவரைப் பிடித்து, ஆம்ப்பியர் முள்ளைப் பார்த்து உதைக்கும் பொறுமை அப்பாவுக்கு இருந்தது. உங்களுக்கு இருக்கிறதா? என் யோசனை: வால்வு சீட், கைடு, புது ரிங்கு. ரேஷியோவைத் தொட வேண்டாம்.

ஆர்எக்ஸ் 100-க்கு இதே கணக்கா?

அடிப்படை அதே. போர் 50, ஸ்ட்ரோக் 50, 98 சி.சி. ஆனால் டூ-ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் ஓட்டை மூடின பிறகுதான் அழுத்தமே தொடங்கும். ஜப்பான்காரர்கள் பெரும்பாலும் அங்கிருந்து மேலே உள்ள உயரத்தை வைத்தே ரேஷியோ சொல்வார்கள், ஐரோப்பியர்கள் முழு ஸ்ட்ரோக்கை வைத்து. எந்தக் கணக்கு என்று கேட்காமல் இரண்டு எண்களை ஒப்பிடாதீர்கள். அளப்பது சுலபம். ஹெட்டை மாட்டி, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, போர்ச் சுவரில் கிரீஸ் தடவி, ப்ளக் ஓட்டை வழியாகவே ஊற்றலாம். ப்ளக் திருகும் இடத்தின் கொள்ளளவைக் கடைசியில் கழித்துவிடுங்கள்.

லாஞ்ச் டீசல் எஞ்சின் ஹெட் வளைஞ்சிடுச்சு. சீவினா ரேஷியோ ஏறிடுமா?

டீசலில் ஹெட் பெரும்பாலும் தட்டை. குழி பிஸ்டன் தலையில் இருக்கிறது. அதனால் ஹெட்டைச் சீவினால் ரேஷியோ அவ்வளவாக ஏறாது, 16, 18 என்று இருந்தது ஏறக்குறைய அங்கேயே நிற்கும். தொல்லை வேறு இடத்தில். வால்வு முகம் ஹெட் மட்டத்துக்கு எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. சீவினால் அது குறைந்து பிஸ்டனில் தட்டும். சீட்டை அதே அளவு இறக்க வேண்டும். இன்ஜெக்டர் மூக்கும் கூடுதலாக நீட்டும், அதன் அடி வாஷரை மாற்றுங்கள். பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலே நீட்டும் அளவைப் பார்த்துத்தான் பேக்கிங் கனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓரத்தில் உள்ள வெட்டுகளின் எண்ணிக்கையே கன அடையாளம். பழையதில் இரண்டு வெட்டு இருந்தால் புதிதிலும் இரண்டு. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்றால் வேறு கடை பாருங்கள்.

ஞாயித்துக்கிழமை காலைல பசங்களோட ஒரு ரேஸ் இருக்கு...

தெருவில் என்றால் செய்து தர மாட்டேன். முன்பு சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் வடசென்னைப் பட்டறைகளில் விடிய விடிய வேலை ஓடுமாம், என் குரு சொல்வார். 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் இருக்கிறது. அங்கே ஓட்டுவதற்கென்றால் ரேஷியோ 11 வரைக்கும் உட்கார்ந்து செய்யலாம்.

வேலைக்கு வரும்போது என்னென்ன கொண்டு வரணும்?

ஹெட்டை மட்டும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். பேரல், போடப்போகும் பிஸ்டன், கழற்றின பழைய பேக்கிங், வாங்கின புது பேக்கிங், ப்ளக், முடிந்தால் டைமிங் செயின். பழைய பேக்கிங்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதன் நசுங்கிய கனத்தை வைத்துத்தான் கணக்கே தொடங்கும். கரியை நீங்களே ஸ்க்ரூ டிரைவரால் சுரண்ட வேண்டாம், முகத்தில் கீறல் விழுகிறது. ஜீவா ரயில் ஸ்டேஷன் பக்கமிருந்து வருகிறவர்கள் மழை நாளில் போன் செய்துவிட்டு வாருங்கள், சப்வேயில் தண்ணீர் நிற்கும்.